மீனாவுக்கு, புருனோ பற்றி

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் "புருனோ எப்படி இருக்கான்" என்று கேட்டுவிட்டு மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் லாப்ரடார் நாயை ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். எடை 41 கிலோ. அவன் உடம்புவாகுக்கு 31 இருந்தால் போதுமாம். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும் என்றார் டாக்டர். இவனுக்கு இரண்டும் இல்லை. ரத்தம் எடுத்து தைராய்டு பார்த்தார்கள், அதில் ஒன்றும் கோளாறில்லை. எல்லாம் சாப்பாடுதான்.

அப்பா காபி குடிக்கும்போதெல்லாம் அவனுக்கு மேரி பிஸ்கட். ஒன்றிலேயே 20 கலோரிக்கு மேல் இருக்கிறது. எடை குறைய அவனுக்கு நாளைக்கு 900 சொச்சம்தான் கணக்கு. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்பாவிடம் சொன்னால், "பசியோடு பார்க்கிறானே" என்கிறார். லாப்ரடார் அப்படித்தான் பார்க்கும். நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பிறவியிலேயே ஒரு ஜீன் கோளாறு, அதனால் பசி கூடுதல் என்று 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்களாம். கருத்தடை செய்த நாய்க்குத் தேவையும் குறைவு. நீ போனில் அவனிடம் "பிஸ்கட் சாப்பிட்டியா" என்று கேட்காதே, கேட்டதும் டப்பா முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறான்.

தயிர்சாதத்தை நிறுத்திவிட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த தீவனத்தைக் கண்ணளவில் போடாமல் சமையல் தராசில் நிறுத்து, இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுகிறேன். வயிறு நிறைய உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், பூசணிக்காய். வெங்காயம், திராட்சை ஆகவே ஆகாது. பட்டினியும் போடக் கூடாது. வாரத்துக்கு 400 கிராம் இறங்கினால் போதும், அவசரமில்லை. வெயில் ஏறுமுன் அப்பா நடக்கக் கூட்டிப்போகிறார், கொழுத்த நாய்க்குச் சூடு தாங்காது. மொட்டை மாடிப் படி இன்னும் ஏற முடியவில்லை. 48 லாப்ரடார்களை வைத்துப் பார்த்ததில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தனவாம். இதைச் சொன்னபிறகுதான் அப்பா டப்பாவை மேல் தட்டில் வைத்தார். பிஸ்கட் பேச்சை மட்டும் நீ எடுக்காதே.

உனக்குப் பதவி உயர்வு வந்ததைச் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஆனால் நீயே சொல்லியிருக்கலாம்.

இரண்டு மாசம் வைத்திருங்கள் என்று விட்டுப்போனாய். ஆடி போய் மறு ஆடி வந்துவிட்டது. இவனைக் கொண்டுபோகச் சொல்லி எழுதவில்லை, எத்தனை வருஷமானாலும் இங்கே இருக்கட்டும். மாப்பிள்ளைதான் குட்டியாக அவனைத் தேடிப்பிடித்து வாங்கினார். இந்த 41 கிலோ அவருக்குத் தெரியுமா? தீபாவளிக்கும் நீ தனியாகத்தான் வந்தாய். அப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஒன்றாம் தேதி மறுபடி எடை போடுவோம். அதை உனக்கு மட்டும் அனுப்பவா, மாப்பிள்ளைக்கும் அனுப்பலாமா? அதை மட்டும் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா