சட்டம்பிள்ளைக்கு ஒரு கடிதம்

முள்ளியவளை

அன்புள்ள மச்சான்,

நலம். ஒன்பது மாதமாய் எழுதவில்லை. திட்டை எல்லாம் சேர்த்து வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எடு. இங்கே குரங்குக்குத் தின்னக் கொடுத்தது போகத்தான் எங்களுக்குத் தேங்காய். பெரியவர் இன்னும் உன்னைச் 'சட்டம்பிள்ளை' என்றுதான் விசாரிக்கிறார். அதனால்தான் இந்த வழக்கு உன்னிடம் வருகிறது.

எங்கள் வேலிக்கு அடுத்த காணி, நாம் புளியங்காய்க்கு அடிவாங்கிய கணக்கு வாத்தியாருடைய காணி, ஞாபகம் இருக்கும். 2010இல் முகாமிலிருந்து திரும்பியபோது அது பற்றைக்காடு. வாத்தியார் இல்லை, அவர் மனைவி ரீச்சர் வவுனியாவில் மகளோடு. யாரையும் கேட்காமல் வெட்டித் துப்புரவாக்கிக் கச்சான் போட்டேன். பிறகு தென்னை வைத்தேன். நடுவில் வேலியாய் நின்ற பூவரசங் கதியால்கள் தாமாகப் பட்டுப்போயின என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். நீ நம்பாதே.

மகன் விடாமல் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போனான். 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வருஷம் இடையூறில்லாமல், உரியவரை ஏற்றுக்கொள்ளாமல் ஆண்டால் காணி நமக்காகலாமாம். போரால் வழக்குப் போட முடியாதவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காது. நான் இறங்கியதோ 2010. உரியவர் கடல் கடந்திருந்தால் கணக்கு வேறையாம்; ரீச்சர் ஒரு பஸ் தூரத்தில். எல்லாம் எனக்குத் தோதாகவே விழுகிறது. இன்னொன்றும் சொன்னார்: அனுமதி கேட்டு இறங்கியிருந்தால் உரிமை வராது, கேட்காமல் இறங்கியதால்தான் வருகிறது. கேட்டதும் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் ஓடாவியார் ஜன்னலுக்குச் சட்டம் பூட்டிக்கொண்டிருந்தார். மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "சட்டம் நேர்தான், சுவர்தான் கோணல்" என்றார். எனக்குத்தான் சொல்கிறாரோ என்று பயந்துபோனேன். மரச்சட்டத்துக்கும் ஊரை ஆளும் சட்டத்துக்கும் நமக்கு ஒரே சொல். இங்கிலீஷ்காரனுடைய 'லோ' பழைய நோர்ஸ் மொழியில் 'இட்டு வைத்தது' என்பதிலிருந்து வந்ததாம். 'நீதி'க்கு வேர், வடமொழியில் வழிநடத்துவது. ஆனால் நம் சனம் கோபம் வந்தால் சட்டம் என்றா சொல்கிறது? "இது முறையில்லை" என்கிறது. சட்டம் யாரோ அடித்துப் பூட்டுவது. முறை தோளோடு தோள் நின்று பழகியது.

தேசவழமையை, அதுதான் யாழ்ப்பாணத்துத் தமிழருடைய வழமைச் சட்டத்தை, எடுத்துக்கொள். 1707இல் ஒல்லாந்தர் காலத்து அதிகாரி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிய தொகுப்பை 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அவர்கள் பார்த்தது, 'ஓம், நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்' என்று சொல்ல முடியுமா என்பதைத்தானே? யாழ்ப்பாணத்து வழமை வன்னிக்குப் பொருந்துமா என்று நீ சண்டை பிடிப்பாய், தெரியும், அது கிடக்கட்டும். என் தென்னைகளை அந்தப் பன்னிரண்டு பேரிடமும் காட்டினால் ஒருவராவது ஒப்பம் வைப்பாரா என்றுதான் யோசிக்கிறேன்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு ரீச்சர் வந்தா. கோயிலிலிருந்து நேரே படலையடிக்கு. தேத்தண்ணி குடித்தா. காணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தென்னைகளை ஒவ்வொன்றாக எண்ணினா, உதடு அசைந்தது. வாத்தியார் வீட்டில் கணக்குப் பழக்கம் போகாது போல. போகும்போது, "நல்லாய் வளர்த்திருக்கிறாய் தம்பி" என்றா. திட்டியிருந்தால் நானும் சட்டம் பேசியிருப்பேன்.

மகன் கடதாசியில் கையெழுத்து வை என்று நிற்கிறான். காய்ச்சல் என்று இரண்டு வாரம் தள்ளிவிட்டேன். உன் அண்ணியின் தங்கைக்கு ரீச்சர் மகளைத் தெரியும்தானே? வவுனியா விலாசத்தை வாங்கி அனுப்பு. அவசரம்.

உன்,
புளியங்காய்க் கள்ளன்