ஞாயிறு மாலை ராக்கு கிண்ணங்கள்

வணக்கம் நண்பர்களே.

இந்த ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில், ஜப்பானின் கியோட்டோ நகரில் தேநீர்க் கிண்ணங்கள் செய்யும் ராக்கு என்ற குயவர் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறோம். 16ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காக, குடும்பத்தின் முதல் தலைமுறைக் குயவர் சோஜிரோ செய்த கிண்ணங்களில் தொடங்கிய வேலை இது. 2019இல் 16ஆம் தலைமுறையின் கைக்கு வந்திருக்கிறது.

இவர்கள் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் தட்டையாகத் தட்டி, உள்ளங்கைகளால் விளிம்பை மேலே எழுப்பி, சற்று இறுகியபின் சீவுகிறார்கள். கறுப்புக் கிண்ணத்தைச் சூளை ஆறும்வரை விட்டுவைப்பதில்லை. தகதகவென்று கனலும்போதே இடுக்கியால் வெளியே எடுத்துவிடுவார்கள். இடுக்கி பிடித்த தடம் பல கிண்ணங்களின் பக்கவாட்டில் அப்படியே இருக்கிறது. படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள்.

என்னை உலுக்கியது வேறொன்று. கிண்ணத்தின்மேல் பூசிச் சுடும் மெருகுக் கலவையின் பக்குவத்தை அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. முன்னோர் சேர்த்துவைத்த மண் கிடைக்கும். மற்றதை அவரவரே கண்டடைய வேண்டும். சோஜிரோவின் கிண்ணம் மங்கலாக, அடக்கமாக இருக்கிறது. 3ஆம் தலைமுறை டோன்யூவுடையது பளபளக்கிறது. ஒரே வீடு!

உங்கள் வீட்டில் கையால் செய்த மண்பாத்திரம் இருந்தால், சனிக்கிழமைக்குள் படம் அனுப்புங்கள். அடிப்பக்கமும் தெரியட்டும்.