இறுகின எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்க முன்

ஆசிரியருக்கு,

எங்கள் ஒழுங்கையால் பழைய இரும்பு வாங்குகிற வாகனம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அடிக்கடி வருகிறது. போன மாதம் பக்கத்து வளவுத் தம்பி தன் இறைப்பு மிசினை அதில் ஏற்றப் பார்த்தார். "சுத்துதில்லை அண்ணை, இறுகிட்டுது" என்றார். அதற்கு முதல் ஒரு கராச்சில் காட்டியிருக்கிறார், அங்கே பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள், பிஸ்டன் தலையில் பள்ளம். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதத்துக்கு முன் லண்டனிலிருக்கிற மகன், ஞாயிறு சந்தையொன்றில் வாங்கிய பழைய விளையாட்டு விமானச் சாமான்களைப் பேரனுக்கென்று கப்பலில் வந்த பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தான். காற்றாடி, றப்பர் சில்லு, கம்பித் துண்டுகள், அடியில் துணியில் சுற்றி ஒரு குட்டி எஞ்சின். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஈ.டி. பீ என்கிற 1 சிசி டீசல், 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த வகை. பிளக் கிடையாது. தலையில் ஒரு திருகு, அதை முறுக்கினால் சிலிண்டருக்குள் மேலே இருக்கிற இன்னொரு பிஸ்டன் கீழிறங்கி அமுக்கத்தைக் கூட்டும். குடிப்பது ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும், கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு வீதம். மண்ணெண்ணெய் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. போர்க்காலத்தில், பெற்றோல் வராத பொருளாதாரத் தடையின்போது, கார்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின ஆட்கள்தானே நாங்கள்.

காற்றாடியைப் பூட்டித் தள்ளினேன், கல் மாதிரி இருந்தது. "விடுங்கோ அப்பா, அலுமாரியில வையுங்கோ" என்றான் மகன். புகை வெளியேறுகிற வாசலால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் சிவப்புத் துரு இல்லை, பனங்கட்டிப் பாகு காய்ந்த மாதிரி மண்ணிறம். அது ஆமணக்கெண்ணெய். வருசக்கணக்கில் கிடந்தால் வார்னிஷ் போல இறுகிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதுவே இரும்பைத் துருவிலிருந்தும் காத்திருக்கும். பிளாஸ்ரிக் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, முல்லைத்தீவில் பைபர் படகு திருத்துகிறவரிடம் அசிற்றோன் என்கிற கரைப்பான் கொஞ்சம் வாங்கி மூடி போட்ட போத்தலில் இரண்டு இரவு ஊறவிட்டேன். (அடுப்படியில் இதைச் செய்யாதீர்கள், குப்பென்று பற்றும்.) நன்றாகக் காயவிட்டு, அப்புறம் கொதிநீரில் போட்டு எடுத்து, துணியால் பிடித்துக் காற்றாடியை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். மூன்றாம் தரம் நூலளவு அசைந்தது. முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம், திரும்பக் கொதிநீர். மண்ணிறச் சாறு வழிந்தது. பின்னேரம் முழுச் சுற்றும் சுற்றி, மேலே வரும்போது பொக்கென்று அமுக்கமும் காட்டியது. குறட்டைத் தொடவேயில்லை. குறட்டால் முறுக்கியிருந்தால் உள்ளே பிஸ்டனைச் சுழல்தண்டோடு பிணைக்கிற, நெருப்புக்குச்சி மொத்தத்திலிருக்கிற கனெக்டிங் ரொட் வளைந்திருக்கும், வளைந்தது வெளியே தெரியவும் தெரியாது.

துருவில் இறுகினது வேறு கதை. போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது, கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போன மிசினைத் தோண்டி எடுத்தேன். உள்ளே தண்ணீர் போயிருந்தது. பிளக் ஓட்டையால் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து விட்டு, நாளுக்கொரு தரம் சில்லைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பதினாறாம் நாள் விட்டுக்கொடுத்தது. இன்றைக்கும் என் மிளகாய்த் தோட்டத்துக்கு அதுதான் இறைக்கிறது.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏன் இறுகியது என்று பார்ப்பதும் பொறுத்திருப்பதும்தான். தொழிற்பயிற்சி முடித்து வருகிற பொடியளுக்குப் புதுச் சாமான் மாற்ற நன்றாகவே தெரிகிறது, இறுகின ஒன்றைக் கையில் கொடுத்தால் உடனே சுத்தியலைத் தேடுகிறார்கள். பயிற்சி கொடுக்கிறவர்கள் ஆளுக்கொரு இறுகின எஞ்சினையும் கொடுத்துப் பழக்கலாம், கிலோக் கணக்கில் வாங்கலாமே. உங்கள் பத்திரிகையிலும் கிழமைக்கு ஒரு கால் பக்கம் பழைய மிசின்காரருக்கு ஒதுக்குங்கள், எழுத ஆட்கள் இருக்கிறார்கள்.

குட்டி எஞ்சின் இன்னும் ஓடவில்லை, ஈதர் கையில் கிடைக்கவில்லை. தம்பியின் மிசின் என் மாமரத்தடியில் இருக்கிறது, பிஸ்டன் தேடுகிறோம்.

பழைய மிசின் திருத்துநர் ஒருவர்,
பரந்தன்.