ஏ.சி.யில் கேஸ் குறைந்தால், அது எங்கே போனது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மழையை எல்லாம் மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி மேற்கிலிருந்து இறங்கி வருகிற இந்தக் காற்று மட்டக்களப்பாருக்குப் புதிதில்லை. பகல் பதினொரு மணிக்கு மேல் முற்றத்து மணலில் கால் வைக்க முடியாது. இந்த நாட்களில் ஏ.சி. திருத்துகிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. நாங்களும் யாராவது வந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுவோம். அந்த அவசரத்தில் நான் இரண்டு வருடம் காசைக் கொட்டினேன். இன்னும் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது என்று பின்னர் விசாரித்தபோது தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கல்லடியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நாங்கள் ஏ.சி. வாங்கியது சொகுசுக்காக இல்லை. மாமிக்குப் பக்கவாதம் வந்து படுக்கையோடு ஆகி நாலு வருடம். வெக்கையில் முதுகு வியர்த்து வியர்த்துப் படுக்கைப் புண் வந்துவிட்டது. அறையைக் குளிராக வைத்திருங்கள், உடம்பில் ஈரம் நிற்க விடாதீர்கள் என்றார் வைத்தியர். மாமியின் அறைக்கு மட்டும் 12,000 பி.டி.யூ. (குளிராக்கும் திறனின் அளவு) ஏ.சி. ஒன்று பூட்டினோம். புண் ஆறத் தொடங்கிய அந்த முதல் மாதத்தை நான் மறக்கமாட்டேன்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் சித்திரை கழிந்ததும் குளிர் குறைந்தது. வந்தவர் மீட்டரை மாட்டிப் பார்த்து, “கேஸ் குறைஞ்சிட்டுது அக்கா, ஒரு வருசம் ஓடினா குறையும்தானே” என்றார். சிலிண்டரிலிருந்து கேஸ் அடித்து 9,000 ரூபா வாங்கிக்கொண்டு போனார். அறை குளிர்ந்தது. ஐந்து மாதத்தில் திரும்பவும் அதே வெக்கை, அதே பதில், அதே 9,000. மூன்றாம் தடவை வேறொருவரைக் கூப்பிட்டோம். அவரும் அதையேதான் செய்தார். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிப்பது போல ஏ.சி.க்கும் கேஸ் அடிக்கத்தான் வேண்டும் என்று நானும் நம்பிவிட்டேன்.

அப்படி இல்லவே இல்லை. ஏ.சி.யில் இருக்கும் கேஸ் எரிந்து முடிகிற பொருள் இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே அறையின் வெக்கையை வாங்கி ஆவியாகிறது. வெளியே கொம்பிரசர் அதை நெருக்கியதும், வாங்கிய வெக்கையைக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பவும் திரவமாகிறது. குழாயில் ஓட்டை இல்லையென்றால் எத்தனை வருடம் ஓடினாலும் அதே கேஸ்தான். குறைந்துவிட்டது என்றால் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. அந்த இடத்தை அடைக்காமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் வார்க்கிற வேலை.

இதை எனக்குக் காட்டித் தந்தவர், நாலாம் தடவை கூப்பிட்டபோது வந்த ஆரையம்பதிப் பக்கத்துத் தம்பி ஒருவர். கட்டாரில் ஆறு வருடம் இதே வேலை செய்தவர். வந்ததும் மீட்டரை எடுக்கவில்லை. “இதுக்கு முதல் எத்தினை தரம் கேஸ் அடிச்சீங்க?” என்று கேட்டார். மூன்று தரம் என்றேன். “அப்ப லீக் இருக்கு அக்கா. முதல்ல அதைத் தேடுவம், மறுகா கேஸைப் பார்ப்பம்” என்றார். உள்ளே மிச்சமிருந்த கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் ஒரு வெறும் சிலிண்டருக்குள் மெஷினால் இழுத்தெடுத்துத் தராசில் வைத்தார். 280 கிராம் காட்டியது. வெளி யூனிட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஆர் 32, 0.70 கிலோ என்று எழுதியிருந்தது. முதலாவது கேஸின் வகை, இரண்டாவது இருக்கவேண்டிய அளவு. பக்கத்தில் நின்று தினமும் உடுப்புக் காயப்போடுகிற நான் அன்றைக்குத்தான் அதை வாசித்தேன்.

பிறகு லீக்கைத் தேடக் குழாய்க்குள் நைதரசன் ஏற்றினார். பாத்திரம் கழுவுகிற சோப்பை ஒரு கிண்ணத்தில் கரைத்து வாங்கி, சின்னப் பிறஷ் ஒன்றால் குழாய்கள் பொருந்துகிற நட்டுகளைச் சுற்றி நுரையைத் தடவினார். முதல் நட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கொஞ்ச நேரம் கழித்து மிளகளவில் ஒரு குமிழ் முளைத்தது, பெருத்தது, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. “பாருங்க அக்கா, உங்கட 27,000 ரூபாயும் இதுக்குள்ளாலதான் போயிருக்கு” என்றார். பூட்டும்போது குழாயின் வாயைச் சரியாக விரிக்காததால் ஓரத்தில் மயிரளவு வெடிப்பு. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாக விரித்து இறுக்கினார். திரும்பவும் நைதரசன் ஏற்றி, மீட்டரின் முள் அசைகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. அதன் பிறகு, குழாய்க்குள் இருப்பதை இழுத்தெடுக்கிற வெக்கியூம் பம்பை நாற்பது நிமிடம் ஓடவிட்டு, சிலிண்டரைத் தராசில் வைத்தபடி சரியாக 700 கிராம் ஏற்றினார்.

வெக்கியூம் எதற்கு என்று கேட்டேன். குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கினால் குளிர் ஏறாது. ஈரம் கொம்பிரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே இருக்கும் கம்பிச்சுற்றை அரித்துவிடும் என்றார். கேஸ் குறைந்த நிலையில் ஓடவிடுவதும் அதே கேடுதான். கொம்பிரசரின் மோட்டாரைக் குளிர்விப்பதே அந்தக் கேஸ்தானாம். அது குறைந்தால் மோட்டார் சூடேறி, ஒரு நாள் நின்றுபோகும். திருத்துவதா, புதிது வாங்குவதா என்று அப்போதுதான் தலையில் கை வைக்க வேண்டி வரும். அதுவரைக்கும் மெஷின் ஓயாமல் ஓடிய கரண்ட் பில் வேறு.

காசு மட்டும் இல்லை விஷயம். ஒரு கிலோ ஆர் 32 காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் 675 கிலோ காபனீரொட்சைட்டு கலந்ததற்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆர் 410ஏ என்ற இன்னொரு வகைக் கேஸ் என்றால் 2,000 கிலோவுக்கும் மேல். பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர் 22 ஓசோன் படையையும் அரிக்கும். ஓசோன் படையைக் காக்க 1987இல் செய்யப்பட்ட மொன்றியல் உடன்படிக்கையில் எங்கள் நாடு 1989இலேயே சேர்ந்துகொண்டது. ஆர் 22ஐ 2030க்குள் கைவிட வேண்டிய நாடுகளில் நாமும் ஒன்று. ஒப்பந்தம் கொழும்பில் இருக்கிறது, வால்வை அமத்திப் பழைய கேஸை வானத்தில் விடுவது எங்கள் வீட்டுக் கொல்லையில் நடக்கிறது. மாமியின் அறையைக் குளிராக்கப் போய் வெளியே வெக்கையைக் கூட்டியிருக்கிறோமே என்று நினைக்க மனம் சுடுகிறது.

கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று என்று எங்கள் ஊர்களெல்லாம் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டே இருப்பவை. வெளி யூனிட்டில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உப்பீரம் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் நடுவே அரிப்புத் தொடங்கி, தகடு வெள்ளைத் தூளாக உதிர்கிறது. மாதம் ஒரு தடவை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிட வேண்டும். கிணற்று நீர் உவர் என்றால் அது வேண்டாம், குழாயில் வரும் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரே நல்லது. வாகனம் கழுவுகிற பம்பால் அடித்தால் தகடு வளைந்துவிடும். உள்ளே இருக்கும் பில்டரை இரண்டு வாரத்துக்கொரு தடவை நீங்களே கழட்டிக் கழுவலாம். அப்புறம், உள் யூனிட்டில் ஐஸ் கட்டினால் உடனே கேஸ் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். தூசி அடைத்த பில்டரும் அதையே செய்யும்.

திருத்துகிறவர்கள் எல்லோரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. முதலில் வந்த இருவரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்கவில்லை. ஒரு அண்ணனோடு கூடப்போய்க் கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்டதைச் செய்தார்கள். வெக்கியூம் பம்ப், நைதரசன் சிலிண்டர், தராசு எல்லாம் வாங்கக் காசு வேண்டும். 500 ரூபா குறைத்துச் சொல்கிறவரைத் தேடிப் பிடிக்கிறவர்கள் நாங்கள்தானே. நாலு மணி நேர வேலைக்கும் அரை மணி நேர வேலைக்கும் ஒரே கூலி கேட்டால் யார்தான் ஒழுங்காகச் செய்வார்? ஆரையம்பதித் தம்பிக்கு 16,000 ரூபா கொடுத்தேன். அது எனக்குக் கூடுதலாகத் தெரியவில்லை.

தேசிய தொழிற்தகைமை முறையில், ஏற்கெனவே வேலை செய்கிறவரின் கைத்திறமையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கவும் வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையும் எங்கள் பிரதேச சபைகளும் சேர்ந்து, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிமாருக்கு வேலை குறைந்த மாரி காலத்தில் ஒரு பயிற்சி வைக்க வேண்டும். கருவிகளைத் தவணைக்குக் கொடுக்கிற ஏற்பாடும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது இரண்டு கேள்விதான். கேஸ் அடிக்க வருகிறவரிடம், எங்கே லீக், எத்தனை கிராம் ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். இரண்டையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆசிரியரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, அந்தச் சோப்பு நுரைச் சோதனையையும் ஸ்டிக்கரை வாசிக்கும் விதத்தையும் படம் போட்டு அரைப் பக்கத்தில் விளக்கி வெளியிடுங்கள். கச்சான் அடங்குவதற்கு முன் வந்தால் பல வீடுகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.