மண்டப ரசீதில் இல்லாத ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கத்தோலிக்கக் கோயில் விருந்தில் ஒரு கிண்ணம் மது பரிமாறுவதைக் குற்றமாக நினைப்பது 'பட்டிக்காட்டுப் பார்வை' என்று சென்ற ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல் ஒரு வாரமாக என்னைத் தூங்க விடவில்லை. ஜெர்மனியில் பங்குத் திருவிழாவில் பீர் உண்டு, பெல்ஜியத்தில் துறவிகளே பீர் காய்ச்சுகிறார்கள் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். நான் நன்னிலம் வட்டத்துப் பட்டிக்காட்டுக்காரி. 31 ஆண்டுகள் சத்துணவு சமைத்தவள். எங்கள் ஊர் விருந்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

என் கணவர் குடிப்பவர். ஆனால் ஆண்டுதோறும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு மாலை போட்டால் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை தொடமாட்டார். ஓர் ஆண்டு மாலையைக் கழற்றிய பிறகும் தொடவில்லை. தை அறுவடைக் கூலி முழுதாக வீடு வந்து சேர்ந்தது அந்த ஒரே ஆண்டுதான்.

அடுத்து வந்த சித்திரையில் கோயில் வெள்ளிவிழா. பெண்கள் நாங்கள் கொட்டகையில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் பின்னறையில் காரைக்காலிலிருந்து வந்த புட்டிகளைத் திறந்திருக்கிறார்கள். "ஒயின்தான் அண்ணே, பூசையில் வைப்பதுதானே" என்று நீட்டியவர், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் இருந்தவர். டாஸ்மாக் கடையைக் கடந்து நடக்கப் பழகியிருந்த என் கணவர், கோயில் மண்டபத்தில் விழுந்தார். இரண்டு ஆண்டுகளில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பூசையில் குருவானவர் அருந்தும் திராட்சை இரசத்தை எங்கள் பங்கில் யாருக்கும் தந்ததில்லை. எங்களுக்கு அப்பம் மட்டும்தான். பீடத்தில் கிடைக்காதது மண்டபத்தில் பிளாஸ்டிக் டம்ளரில் கிடைக்கிறது. கேட்டால், இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தைக் காட்டுகிறார்கள். இரசம் தீர்ந்துபோய் அந்தக் கல்யாண வீட்டார் தலைகுனியக் கூடாது என்றுதானே மாதா மகனிடம் போய்ச் சொன்னார்? இங்கே தலைகுனிந்து நிற்பது யார் என்று தாங்களே சொல்லுங்கள்.

பேரவையில் முறையிட்டபோது "ஆண்கள் விவகாரம், நீங்கள் ஏன் வருகிறீர்கள்?" என்றார்கள். மறுநாள் காலை அந்த மண்டபத்தின் வாந்தியைக் கழுவியவர்கள், மரியாயின் சேனை என்ற பக்த சபைப் பெண்கள். மதுவிலக்குக் கேட்டு இதே மண்டபத்தில்தான் ஒருமுறை கையெழுத்து வாங்கினார்கள். நானும் என் கணவரும் அடுத்தடுத்துப் போட்டோம். 2003-இல் அரசே சில்லறைக் கடை நடத்த வந்ததிலிருந்து அரசைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டுக் கதவை யார் சாத்துவது?

போன முறை, வாய்க்கால் தூர்வாராததைப் பற்றி நான் எழுதியதைப் பாதியாக வெட்டிவிட்டீர்கள். வருத்தம்தான், சொல்லாமல் இருந்தேன். இதை வெட்டாமல் போடுங்கள்.

மண்டப வாடகை ரசீதின் பின்புறம் நிபந்தனைகள் அச்சிட்டிருக்கிறார்கள். வெற்றிலை துப்பக் கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது, மின்கட்டணம் தனி. அதன் கீழே மது கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கோயில் நடத்தும் விருந்துக்கும் அந்த வரி பொருந்த வேண்டும். அதற்கு இடமிருக்கிறது, ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நன்னிலம் வட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)