மேடைக்குக் கீழே நின்றவர்களுக்கு

மைக்செட் அண்ணன்மாருக்கும், ஜெனரேட்டர்காரருக்கும், தபலாவுக்குத் தோல் மூட்டித் தந்த பெரியவருக்கும், பாட்டின் கட்டை (சுருதி) பார்த்து எழுதச் சொல்லித் தந்த பாட்டு வாத்தியாருக்கும், ஒத்திகைக்கு வீடு தந்த அக்காவுக்கும், கோயில் கொடைவிழாக் கமிட்டியாருக்கும் வணக்கம்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் அம்மன் கோயில் கொடைகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசித்த நண்பர்கள் குழு நாங்கள். கீபோர்டு, ரிதம் பேட், தபலா, பேஸ் கிட்டார், புல்லாங்குழல், பாட மூன்று பேர் என்று எட்டுப் பேர். கைதட்டெல்லாம் எங்களுக்கு விழுந்தது. யார் என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லாமல் பொதுவாக நன்றி என்று எழுத மனம் ஒப்பவில்லை.

முதலில் மைக்செட். கொடை என்றால் மேடைக்கு இரண்டு பாக்ஸ் போதாது, தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும். 100 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய்க்கு ஒயர் வழியே பாட்டு அந்த நொடியே போய்விடும். அங்கிருந்து காற்றில் மேடைக்குத் திரும்பி வர 0.3 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் குத்துப்பாட்டில் ஓர் அடிக்கு 0.5 நொடிதான். அடித்த அடி பாதிக்கு மேல் பிந்தி வந்து காதில் விழுந்தால் பேட் வாசிப்பவர் கை தானாக அதற்குக் காத்திருக்கும், பாட்டு இழுத்துக்கொண்டே போகும். புதிதாக வாசிக்க வரும் பையன்கள் தங்களுக்குத் தாளம் நிற்கவில்லை என்று நினைத்து வாடிப்போவார்கள். நீங்கள் ஏணி போட்டு ஏறி, மேடையைப் பார்த்திருந்த குழாய்களை முதுகு காட்டத் திருப்பிக் கட்டினீர்கள். பேட்காரர் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கரைச் சாய்த்து வைத்தீர்கள். அதன்பிறகு தாளம் அசையவில்லை.

பேஸ் கிட்டாரையும் பேடின் கனத்த அடியான கிக்கையும் குழாய் லைனுக்கு விடாமல் பாக்ஸுக்கு மட்டும் அனுப்பியதும் உங்கள் கைவேலைதான். குழாய் யூனிட்டுக்குள் இருக்கும் தகடு மெல்லியது. பேஸ் சத்தம் ஏறினால் அளவுக்கு மீறித் துள்ளிக் கிழியும், உள்ளே உள்ள கம்பிச்சுருளும் கருகும். பாடுகிறவர்கள் ஆசையாக மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் கூவும். பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுவதற்கென்று வைத்த துவாரங்கள் அடைபடுவதுதான் காரணம். திட்டாமல், விரல் வலைக்குக் கீழே, வாய்க்கு இரண்டு விரல் தூரம் என்று ஒவ்வொருவருக்கும் பிடித்துக் காட்டினீர்கள்.

ஜெனரேட்டர்காரரே, சீரியல் செட்டுக்கும் மேடைக்கும் தனித்தனி லைன் இழுத்தீர்கள். அலங்கார விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும். மனிதக் கண்ணுக்குப் பல்பு ஒருமுறை மினுங்கியதுபோல்தான் தெரியும். கீபோர்டு அதற்குள் அணைந்து எழுந்துவிடும். எழும்போது கட்டையை மாற்றி வைக்கும் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போயிருக்கும். 4 கட்டையில் போய்க்கொண்டிருந்த பாட்டு 1 கட்டையில் வந்து விழும், பாடுகிறவர் நடுவழியில் நிற்பார். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிற்கிறதா என்று காதாலேயே கேட்டுத் திருகிக்கொண்டிருந்த உங்களை மேடையிலிருந்து பார்க்க முடியாது. எர்த் போடாமல் நீங்கள் மெயினை ஏற்றியதே இல்லை. மேடைக்குப் பின்னால் ஈரமண்ணில் இரும்புக் கம்பி அடித்து உப்புத்தண்ணீர் ஊற்றுவீர்கள். பேஸ் வாசித்துக்கொண்டே பாடுபவருக்குக் கை கம்பியில், உதடு மைக்கில். எர்த் இல்லாவிட்டால் அந்த இரண்டுக்கும் நடுவே கரண்ட் ஓட வழி கிடைத்துவிடும். 'கிர்ர்' என்ற ஹம் போனது ஒரு பக்கம், உயிர் காத்தது இன்னொரு பக்கம். இதற்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

தபலா மூட்டும் பெரியவர், வலந்தலை (வலக்கைத் தபலா) ஒன்றே போதும் என்று நாங்கள் நினைத்த காலத்தில், மூன்று வேண்டும் என்றார். வாய் சிறியது உயர்ந்த கட்டைக்கு, அகலமானது தாழ்ந்த கட்டைக்கு. ஒன்றையே ஏற்றி இறக்கினால் வார் தளரும், நடுவில் உள்ள கறுப்பு மருந்து பொரிந்து 'புர்' என்று பேசும். பனியில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும்போது ஹாலோஜன் விளக்கருகே காட்டாதே, முறுக்கேறித் தெறிக்கும், கம்பளியில் சுற்றி வை என்றதும் அவரே. குழல்காரருக்கும் அந்தக் கம்பளிதான் உதவியது. மார்கழி இரவில் சும்மா கிடந்த குழல் சுருதி இறங்கி நிற்கும், கீபோர்டோ இறங்காது.

வாத்தியார் தந்தது ஒரே பழக்கம். நோட்டில் பாட்டின் தலைக்கு மேலே கட்டை, அதற்குக் கீழே ஃபர்ஸ்ட் பிஜிஎம் (முதல் இடையிசை) எத்தனை பார் (தாளச் சுற்று), செகண்ட் பிஜிஎம் எத்தனை பார், சரணம் எந்த அடியில் எடுப்பு. பாடுகிறவருக்கு எட்டாமல் அரைக் கட்டை இறக்கினால் கீபோர்டுக்கு ஒரு பட்டன்தான் வேலை. குழல் மாற வேண்டும், தபலா மாற வேண்டும், பேஸில் விரல் அழுத்தாமல் திறந்த கம்பியில் வாசித்ததெல்லாம் இடம் மாறும். ஆகவே எந்தக் கட்டை என்பதை ஒத்திகையிலேயே முடிவுசெய்து மையால் எழுது, பென்சிலால் எழுதாதே என்பார்.

ஒத்திகைக்கு மச்சு அறையைத் தந்த அக்கா, பழைய மெத்தைகளை ஜன்னலில் சாத்திக் கட்டித் தந்தார். பாட்டுச் சத்தம் அதில் அடங்கியது, பேஸ் அடங்கவில்லை. அது தரை வழியாக இறங்கி அடுத்த வீட்டுப் பாத்திரத்தை ஆட்டும். ஆம்ப்ளிஃபையருக்கு அடியில் பழைய ஸ்கூட்டர் டயர் இரண்டு போட்டபிறகுதான் அந்த வீட்டுக் கைக்குழந்தை தூங்கியது. அக்காவுக்கும் அந்தக் குழந்தையின் தாய்க்கும் எங்கள் கைகூப்பு.

தலைவர் வரும்வரை பாடச் சொல்லி மேடை தந்த கட்சித் தோழர்களையும் மறக்கவில்லை. இளையராஜாவின் அண்ணன் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனும் தம்பிமாரும் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்த நாட்டில் அது பெரிய பேறு.

கமிட்டியாரே, ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு விதி. நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு முன் கச்சேரி முடியவும் வேண்டும். நையாண்டி மேளத்தை முன்னால் தள்ளி, 6:30-க்கே எங்களை ஏற்றிவிட்டீர்கள்.

கடைசியாக, கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கை காட்டிய நண்பர்களுக்கு. வெறும் மைதானத்தில் சரிபார்த்த சத்தம் ஆள் நிறைந்ததும் மாறிப்போகும். உடம்பும் சேலையும் வேட்டியும் கீச்சுச் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், பாடும் சொல் மங்கும். மேடையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. தொண்டையைத் தொட்டால் குரலை ஏற்று, உள்ளங்கையைத் தாழ்த்தினால் பேட்டைக் குறை, காதைத் தொட்டால் எக்கோ அதிகம். பாட்டு முடியும்வரை உட்காராமல், உங்களைச் சுற்றி எல்லாரும் ஆடும்போதும் ஆடாமல், எங்களையே பார்த்து நின்றீர்கள்.

அன்புடன்,
குழுவினர் எட்டுப் பேரும்