முத்தோரைச் சரிவைப் பற்றி மங்கைக்கு

புதுச்சேரி

அன்புள்ள மங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். கெடிலத்தில் வெள்ளம் என்ற செய்தி கேட்டுக் கலங்கியிருந்தேன். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சாவித்திரி சொன்ன பிறகே நிம்மதியாயிற்று.

முனைவர் பட்டம் முடித்ததும் ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று சின்னவன் சொல்ல, நீ வேண்டாம் என்கிறாய். "இங்கே அவன் கையில் என்ன கருவியைக் கொடுத்துவிடுவார்கள்?" என்று என்னையும் கேட்டிருக்கிறாய். விடுதி நாள்களிலிருந்தே வாதத்தில் நீ விட்டுக்கொடுத்தவளில்லை. ஆகவே இம்முறை, இந்தியாவின் பெரிய வானொலித் தொலைநோக்கிகளைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்பைத் துணைக்கு அழைத்து வருகிறேன், பொறுமையாகப் படி.

உத்தரப் பிரதேசத்தில் 1929இல் பிறந்து அலகாபாத்தில் படித்த அவரை வானொலி வானியலுக்கு, அதாவது விண்பொருள்கள் வெளியிடும் வானொலி அலைகளைக் கொண்டு அவற்றை ஆராயும் துறைக்குத் திருப்பியவர் நம் வத்திராயிருப்பு இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன். 1952இல் சிட்னி மாநாட்டில் அந்தப் புதுத் துறையைக் கண்டு வியந்து திரும்பிய கிருஷ்ணன், தம் ஆய்வகத்திலிருந்த ஸ்வரூப்பை மறு ஆண்டே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைத்தார். அங்கே கழித்துப் போடவிருந்த, ஆறடி விட்டமுள்ள 32 டிஷ் ஆன்டெனாக்களை இந்தியாவுக்குத் தாருங்கள் என்று இவர் கேட்டுப் பெற்றார். கப்பல் கூலியை யார் தருவது என்ற இழுபறியில் அவை வந்து சேராதிருக்க, இவர் அமெரிக்கா சென்று, 1961இல் ஸ்டான்ஃபோர்டில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மேனன், குண்டு, டி. கிருஷ்ணன் ஆகிய மூவருடன் சேர்ந்து, நாங்கள் நால்வரும் நாடு திரும்பி இத்துறையைத் தொடங்க விரும்புகிறோம் என்று இந்திய அறிவியல் தலைவர்களுக்கு எழுதினார். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஒரு குழு அமைப்பதென முடிவெடுத்து அதன் இயக்குநர் ஹோமி பாபா தந்தி கொடுத்தார். 1963இல் ஸ்வரூப் வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியர்கள் வேண்டாமென்ற அந்த 32 டிஷ்களும் 1965இல் கல்யாணில் சூரியனை ஆராயத் தொடங்கின.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஊட்டியைப் பற்றி. போன கோடையில் அங்கு சென்றபோது, மற்றவர்கள் படகு விடப் போக, நான் முத்தோரைக்குப் போனேன். ஸ்வரூப் அங்கே கட்டிய, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே 11 பாகை சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டியதால், தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அதனால் அந்த ஒற்றை அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பின்பற்ற முடிகிறது. இங்கிலாந்தில் இதைச் செய்ய நினைத்தால் 50 பாகைக்கு மேல் சாய்ந்த செங்குத்தான மலை வேண்டும். அதில் அரைக் கிலோமீட்டர் இரும்பை யார் நிறுத்துவது? நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம் என்பதையே ஒருவர் கருவியின் பாகமாக்கிவிட்டார், மங்கை. அந்த வேலியோரம் நின்றபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

வானொலி அலைகளை வெளியிடும் ஒரு விண்பொருளை, அதாவது ஒரு வானொலி மூலத்தை, நிலவு மறைக்கும்போது அலையின் வலிமை எப்படிக் குறைகிறது என்று பதிந்தால், அம்மூலத்தின் கோண அளவை, அதாவது வானில் அது எவ்வளவு அகலமாகத் தோன்றுகிறது என்பதை, நுட்பமாகக் கணக்கிடலாம். 1970 பிப்ரவரியில் முத்தோரையில் அப்பணி தொடங்கியது. மங்கலான மூலங்கள் சிறிய கோண அளவு கொண்டவை என்று ஸ்வரூப்பும் அவருடன் பணியாற்றிய கபாஹியும் கண்டது, பேரண்டம் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண இதே புதுச்சேரிக்கு வந்து காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டியை 1769 ஜூன் 4 அன்று மேகம் ஏமாற்றியது நினைவிருக்கிறதா? முத்தோரை வாங்கும் 327 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு நீலகிரி மேகம் ஒரு தடையே இல்லை.

1966இல் விமான விபத்தில் பாபா இறந்தார். ஆதரவளித்தவர் போன பின்னும் வேலை நிற்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். பிறகு புனேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தில், தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்களை ஸ்வரூப் எழுப்பினார். நீண்ட அலைகளுக்குத் தகட்டுப் பரப்பு தேவையில்லை என்பதால், கம்பி வடங்களால் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையே போதுமானதாயிற்று. காற்று ஊடுருவிப் போகும், எடையும் செலவும் குறைவு. 2020இல் புனேவில் காலமாகும்போது அவருக்கு வயது 91.

உன் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பட்டம் பெற்றுத் திரும்பிய எத்தனை பேர் இங்கே மேசையும் நாற்காலியும் மட்டும் பெற்று வாடினார்கள் என்று நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். ஆனால் ஸ்வரூப் பெட்டியைக் கட்டிக்கொண்டு குருட்டுத்தனமாக வந்து இறங்கவில்லை. முதலில் எழுதினார், கூட்டாளிகளைச் சேர்த்தார், தெளிவான பதில் கிடைத்த பின்பே கிளம்பினார். சின்னவனையும் அவ்வாறே செய்யச் சொல். இங்கே என்ன கட்ட விரும்புகிறான், எதைக் கொண்டு, யாருடன் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பட்டும். அதைப் படித்தபின், யாரிடம் கேட்கலாம் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை அவனிடம் "வராதே" என்ற சொல்லை மட்டும் சொல்லாமலிரு.

அன்புடன்,
உன் பத்மா